கழுத்தில் ஏறிய காற்று

நுரையீரலில் நோய் வந்தவருக்குக் கழுத்து ஏன் வீங்க வேண்டும்? கொவிட் காலத்தில் உலகின் பல வைத்தியசாலைகளில் வைத்தியர்களும் தாதியரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டார்கள். கடும் நியூமோனியாவோடு ஒரு வாரம், பத்து நாளாக ஒட்சிசனில் இருக்கும் நோயாளி. முந்தைய இரவு வரை கழுத்தில் ஒன்றும் இல்லை. விடிந்து பார்த்தால் தாடைக்குக் கீழே உப்பியிருக்கிறது. குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறியிருக்கிறது. "மிஸ், தொண்டைக்குள்ள என்னமோ அடைக்குது" என்கிறார். தாதி விரல் வைத்து மெல்ல அழுத்தினால் தோலுக்குக் கீழே நறநறவென்று நொறுங்குகிறது. நீர் கோத்த வீக்கமென்றால் அழுத்திய இடத்தில் குழி விழும். சீழ் கட்டியிருந்தால் சூடும் வலியும் இருக்கும். இப்படி நொறுங்கினால் உள்ளே இருப்பது காற்று.

கழுத்தில் காயமில்லை, சத்திரசிகிச்சையும் நடக்கவில்லை. இப்படி வீங்கியவர்களில் ஒரு பகுதியினர் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருந்தவர்கள். இன்னொரு பகுதியினருக்கு முகத்தில் ஒட்சிசன் முகமூடி மட்டுந்தான். நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்தால் புதிர் கூடுகிறது. எக்ஸ்-ரேயில் காற்று கறுப்பாகத் தெரியும். இதயத்தின் ஓரமாக, இருக்கக்கூடாத இடத்தில், மெல்லிய கரிய கோடொன்று ஓடுகிறது. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே இதயமும் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் பெரிய இரத்தக் குழாய்களும் நெருங்கிக் கிடக்கும் பகுதியை நெஞ்சிடைவெளி என்போம். வைத்தியர்கள் மீடியாஸ்டினம் என்பார்கள். மூச்சுக்குழலுக்கு வெளியே சுவாசிக்கும் காற்றுக்கு அங்கே வேலையில்லை. அப்படியும் அது அங்கே வந்து, மேலேறிக் கழுத்தையும் தொட்டுவிட்டது.

கொழும்பில் இந்தக் கேள்வி வீடுகளுக்குள்ளும் வந்தது. 2020 ஜனவரி 27 அன்று இலங்கையின் முதல் கொவிட் நோயாளியான சீனச் சுற்றுலாப் பயணி அடையாளம் காணப்பட்டு, அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று நலமாகத் திரும்பினார். அந்த ஒக்டோபரில் மினுவாங்கொடையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் கிளம்பிய தொற்று கொழும்பு வடக்குக்குள் புகுந்தபோது கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி எல்லாம் அடைபட்டன. 2021 ஜூனில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெமட்டகொடையில் டெல்டா வகை பரவியிருப்பதை அறிவித்தார்கள். ஓகஸ்ட் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தைக்காரருக்கு அவசரமென்றால் களுபோவிலையில் இருக்கும் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைதான் கிட்ட. அங்கேயும் மற்ற இடங்களைப் போலவே கொவிட் வார்ட்டுக்குள் உறவினர் போக முடியாது. செய்தியெல்லாம் தொலைபேசியில்தான். "அப்பாவை மெஷின்ல போட வேணும், சம்மதமா?" என்று ஓர் அழைப்பு. இரண்டு நாள் கழித்து இன்னோர் அழைப்பு: "நெஞ்சுக்குள்ள காத்து லீக் ஆகுது." அதன் பிறகு வந்த செய்தி பல வீடுகளில் ஒன்றேதான்.

"மெஷின்ல போட்டதாலதான் லங்ஸ் வெடிச்சது." இந்த வாக்கியத்தைக் காலி வீதியின் இரு பக்கத்திலும் கேட்டிருக்கிறேன். சம்மதம் சொன்ன மகனோ மகளோ அதை இன்றைக்கும் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. அதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது.

நுரையீரலின் உள்ளமைப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். மூச்சுக்குழல் கிளைத்துக் கிளைத்து மெலிந்து, கடைசியில் சிற்றறைகளில் முடிகிறது. ஒரு மனிதரின் இரு நுரையீரல்களிலும் சராசரியாக 480 மில்லியன் சிற்றறைகள் இருப்பதாக 2004-இல் நுண்நோக்கி வழியே எண்ணிக் கணித்தார்கள். ஒவ்வொன்றின் அகலம் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். ஒட்சிசன் இரத்தத்துக்குள் போவதும் காபனீரொட்சைட்டு வெளியே வருவதும் இந்தச் சிற்றறைச் சுவரினூடாகத்தான். கடக்க வசதியாக அந்தச் சுவர் மிக மெல்லியதாக இருக்கிறது. மெலிந்த இடங்களில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பெரும்பாலான சிற்றறைகளுக்கு நாலாபுறமும் இன்னொரு சிற்றறைதான் அயல். ஒன்று விரிந்தால் அடுத்ததும் விரியும், இடைச்சுவருக்கு இரு பக்கமும் ஒரே அழுத்தம், ஆபத்தில்லை. சில சிற்றறைகள் மட்டும் வேறு மாதிரி. அவற்றின் ஒரு பக்கம் இரத்தக் குழாயின் மேலோ சிறு மூச்சுக்கிளையின் மேலோ ஒட்டியிருக்கிறது. இரத்தக் குழாய் சிற்றறையைப் போல விரிந்துகொடுக்காது. அளவுக்கு மீறி விரிந்தால் கிழிசல் விழும் இடம் இந்த ஒட்டுப்பக்கம்.

அந்தக் கிழிசலால் வெளியேறும் காற்று நேரே நெஞ்சுக்கூட்டுக்குள் கொட்டுவதில்லை. ஒவ்வொரு இரத்தக் குழாயையும் மூச்சுக்கிளையையும் சுற்றித் தளர்வான இணைப்பிழையத்தாலான உறையொன்று இருக்கிறது. காற்று அதற்குள் நுழைகிறது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஐந்தாம் மாடிக் குளியலறைக் குழாயில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. தண்ணீர் அந்த இடத்துக்கு நேர் கீழே சொட்டாது. குழாய்கள் இறங்கும் சுவர்ப் பொந்துக்குள் குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு ஓடி, இரண்டு மாடி தள்ளி யாரோ ஒருவருடைய வரவேற்பறைச் சுவரில் ஈரமாகத் தலைகாட்டும். அந்த வீட்டுக்காரர் தன் சுவரை உடைத்துப் பார்த்தால் அங்கே வெடிப்பு எதுவும் இருக்காது. பிளம்பர் வந்தால் ஈரத்தைப் பார்க்கமாட்டார். குழாய் போகும் வழியைத்தான் கேட்பார். கழுத்து வீக்கமும் அந்த வரவேற்பறை ஈரந்தான். வெடிப்பு நுரையீரலின் ஆழத்தில், ஒரு சிற்றறையின் அடியில் இருக்கிறது. காற்று குழாயுறைக்குள் புகுந்து, அந்த உறை கொண்டுபோகும் வழியே, எல்லாக் குழாய்களும் வந்து சேரும் நுரையீரல் வேருக்கு வருகிறது. வேரிலிருந்து நெஞ்சிடைவெளி. நெஞ்சிடைவெளியின் இணைப்பிழையம் தடையில்லாமல் கழுத்தின் இழையத்தோடு தொடர்கிறது. ஆகவே கழுத்து, முகம், சிலருக்கு மார்பு, தோள்வரைக்கும் காற்று பரவும். ஒப்பீட்டில் ஒரு வேற்றுமையைச் சொல்லத்தான் வேண்டும். தண்ணீரை இறக்குவது புவியீர்ப்பு. இங்கே காற்றை நகர்த்துவது அழுத்த வேறுபாடு. சிற்றறைக்குள் அழுத்தம் கூட, நெஞ்சிடைவெளியில் குறைவு. ஒவ்வொரு மூச்சும் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே போகும்.

இந்தப் பாதை எப்படித் தெரிய வந்தது? கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில், நம்மவர் பலர் இன்று வாழும் ரொறன்ரோவுக்கு மேற்கே லண்டன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் மக்லின் என்ற இழையவியலாளர் 1930-களில் பூனைகளின் நுரையீரலை வைத்து ஆராய்ந்தார். மெல்லிய குழாயொன்றை மூச்சுக்கிளைக்குள் செலுத்தி, நுரையீரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் அளவுக்கு மீறிக் காற்றால் விரியச் செய்தார். பின்னர் அந்த நுரையீரலைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்நோக்கியின் கீழ் வைத்தார். இரத்தக் குழாய்களைச் சுற்றிய உறைகளுக்குள் காற்றுக் குமிழிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு பெரிய ஓட்டை எங்கும் இல்லை. கண்ணுக்கே தெரியாத நுண்கிழிசல்கள் பல. 1939-இல் அதை வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் லூயிஸ் ஹம்மன், நெஞ்சிடைவெளியில் காற்றுள்ளவரின் மார்பில் குழல் வைத்தால் இதயத்துடிப்போடு சேர்ந்தே ஒரு நொறுங்கல் ஓசை கேட்கும் என்று எழுதினார். ஒருவர் பாதையைக் கண்டார், மற்றவர் பாதையின் முடிவில் எழும் ஓசையைக் கேட்டார்.

1944-இல் சார்ள்ஸும் அவருடைய மனைவி மட்ஜ் மக்லினும் சேர்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். மட்ஜ் மக்லின் மரபியலில் பேர்பெற்றவர். அதே பல்கலைக்கழகத்தில் கீழ்நிலைப் பதவியிலேயே ஆண்டுக்கணக்காக வைக்கப்பட்டிருந்தவர். சிதறிக்கிடந்த பழைய மருத்துவ அறிக்கைகளையெல்லாம் அந்தப் பூனை ஆய்வின் வெளிச்சத்தில் இருவரும் திரும்பப் படித்தார்கள். பிரசவத்தில் முக்கிய தாயின் கழுத்து வீக்கம், ஆஸ்த்துமாக்காரரின் கழுத்து வீக்கம், கக்குவான் இருமல் வந்த குழந்தையின் கழுத்து வீக்கம் என்று தனித்தனிப் பெயர்களில் கிடந்தவை ஒரே பாதையின் வெவ்வேறு பயணங்கள் என்று காட்டினார்கள். இன்று உலகம் இதை மக்லின் விளைவு என்கிறது. கணவர் பெயரோ மனைவி பெயரோ, இரண்டும் ஒன்றே என்பதில் எனக்கொரு நிறைவு.

அவர்கள் திரும்பப் படித்தவற்றில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா. முதலாம் உலகப் போருக்கு ஆட்களைப் பயிற்றிய அமெரிக்க முகாம்களில் இளஞ்சிப்பாய்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். ஜோர்ஜியாவின் ஹான்கொக் முகாமில் பணியாற்றிய இராணுவ வைத்தியர்கள், கடும் நியூமோனியா வந்தவர்களில் சிலருக்குக் கழுத்திலும் மார்பிலும் தோலடியில் காற்று ஏறியதைக் கண்டு 1919-இல் பதிவுசெய்தார்கள். அந்தக் காய்ச்சல் நம் தீவையும் விடவில்லை. 1918-19-இல் இலங்கையின் மக்கள்தொகை இழப்பு ஏறத்தாழ 307,000, அதாவது அன்றைய மக்களில் 6.7 வீதம் என்று 2014-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அந்த முகாம் வைத்தியர்களின் குறிப்பை இங்கே கொண்டுவந்த காரணம் ஆண்டு. பரவலாகப் பயன்பட்ட முதல் சுவாசக் கருவியான இரும்பு நுரையீரல் 1928-இல்தான் வந்தது. கோபன்ஹேகனில் போலியோ நோயாளிகளின் மூச்சுக்குழலில் துளையிட்டு, மாணவர்கள் முறைவைத்துக் கையால் காற்றை அழுத்தி உயிர் காத்தது 1952-இல். 1918-இல் எந்த முகாமிலும் காற்றை அழுத்தும் இயந்திரம் கிடையாது. அப்படியும் நுரையீரல்கள் கசிந்தன.

2003-இல் சார்ஸ் வந்தபோது ஹொங்கொங் வைத்தியர்கள் இதையே மறுபடி கண்டார்கள். அங்கே ஒரு வைத்தியசாலையின் 112 சார்ஸ் நோயாளிகளில் 13 பேருக்கு, இயந்திர உதவியின்றியே, நெஞ்சிடைவெளியில் காற்று சேர்ந்திருந்தது. பிறகு கொவிட். நியூயோர்க்கில் ஒரு வைத்தியசாலை வலையமைப்பில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 601 கொவிட் நோயாளிகளில் 89 பேருக்கு, அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு, காற்றுக் கசிவு ஏற்பட்டது. அதே காலத்தில் அதே இடத்தில் வேறு காரணங்களுக்காக இயந்திரத்தில் இருந்த 196 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. ஒரே வைத்தியசாலைகள், ஒரே காலம். மாறியது நோய். இயந்திரம் மட்டுமே காரணமென்றால் இந்த எண்கள் இப்படி விலகியிருக்க முடியாது.

வைரஸ் என்னதான் செய்கிறது? சிற்றறையின் உட்பக்கத்தில் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அந்தப் படலத்தின் மேற்பரப்பிழுவை சிற்றறையைச் சுருக்கி மூடப் பார்க்கும். அதைத் தடுக்கச் சில உயிரணுக்கள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. கொவிட் வைரஸ் குறிவைப்பவற்றில் அந்த உயிரணுக்களும் அடக்கம். சுரப்பு குறைய, சில சிற்றறைகள் மூடிக்கொள்கின்றன. சிலவற்றில் அழற்சிநீர் நிரம்புகிறது. சில திறந்தபடி இருக்கின்றன. நோயுற்ற நுரையீரல் முழுக்கவும் ஒரே சீராகக் கெடுவதில்லை. இத்தாலிய வைத்தியர் லூசியானோ கத்தினோனி 1980-களில் இத்தகைய நோயாளிகளை முதன்முதலாகச் சீ.டி. ஸ்கானில் பார்த்தபோது கண்டது இதைத்தான். அதுவரை நுரையீரல் முழுதும் விறைத்துப் போயிருக்கிறது என்றே நினைத்தார்கள். ஸ்கானில் தெரிந்ததோ, பெரும்பகுதி அடைபட்டு, ஒரு சிறு பகுதி மட்டும் கிட்டத்தட்ட நலமாக வேலை செய்யும் காட்சி. வளர்ந்த மனிதரின் நெஞ்சுக்குள் ஐந்தாறு வயதுப் பிள்ளையின் அளவே இயங்கும் நுரையீரல் மிஞ்சியிருக்கிறது என்ற பொருளில் அதைக் குழந்தை நுரையீரல் என்றார்.

முழு உடம்புக்கும் வேண்டிய காற்று இப்போது அந்தச் சிறு பகுதிக்குள்தான் போக வேண்டும். மூடிய சிற்றறையும் திறந்த சிற்றறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது இடைச்சுவரில் இழுவிசை தாறுமாறாக ஏறும். 1970-இல் ஜெரே மீட் என்ற உடற்றொழிலியலாளரும் தோழர்களும் இதைக் கணக்கிட்டார்கள். நுரையீரல் முழுவதற்கும் கொடுக்கும் அழுத்தம் 30 அலகென்றால், சுருங்கிய பகுதியைச் சுற்றிய எல்லையில் அது 140 அலகுக்குச் சமமாக உயரலாம். வெளியே மானி காட்டும் எண் மிதமாக இருக்கும். உள்ளே எல்லைக் கோட்டில் கிழிசல் நடந்துகொண்டிருக்கும்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். இயந்திரத்தைப் பற்றிய அந்த வாக்கியத்துக்கு முழுமையான பதில் இங்கேதான் இருக்கிறது. சிற்றறை எவ்வளவு விரிகிறது என்பதைத் தீர்மானிப்பது அதன் உள்ளே இருக்கும் அழுத்தம் மட்டுமன்று. உள்ளழுத்தத்துக்கும் நுரையீரலைச் சுற்றிய வெளியின் அழுத்தத்துக்கும் இடையேயான வேறுபாடு. இயந்திரம் உள்ளே காற்றைத் தள்ளினாலும் வேறுபாடு கூடும். நோயாளி தன் உதரவிதானத்தையும் விலாத் தசைகளையும் இறுக்கி மூச்சை இழுத்தாலும் கூடும், ஏனெனில் அவர் வெளிப்பக்க அழுத்தத்தைக் கீழே இறக்குகிறார். தள்ளியதா இழுத்ததா என்று சிற்றறைச் சுவருக்குத் தெரியாது. நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தடவை, தோள்பட்டை ஏறியிறங்க, கழுத்துத் தசைநார் புடைக்க மூச்செடுக்கும் ஒருவர், எந்த இயந்திரமும் இல்லாமலே தன் நுரையீரலின் மேல் கடும் விசையைச் செலுத்திக்கொண்டிருக்கிறார். இருமல் வேறு. இருமும்போது மூடிய குரல்வளைக்குப் பின்னால் அழுத்தம் திடீரென்று எகிறும்.

இதற்கு ஆட்டில் செய்த ஒரு சோதனை சாட்சி. 1988-இல் மஸ்கெரோனி, கொலோபோவ் முதலிய ஆய்வாளர்கள் நலமான செம்மறியாடுகளின் மூளைநீருக்குள் சலிசிலேற்று என்ற வேதிப்பொருளைச் சிறிதளவு செலுத்தினார்கள். மூளையின் சுவாச மையம் தூண்டப்பட்டு ஆடுகள் ஆழமாகவும் வேகமாகவும் மூச்செடுத்தன. நுரையீரலை யாரும் தொடவில்லை. ஆனாலும் ஒரு நாளுக்குள் அந்த ஆடுகளின் நுரையீரல்கள் கடுமையாகப் பழுதடைந்தன. இன்னொரு கூட்ட ஆடுகளுக்கும் அதே மருந்தைக் கொடுத்து, தசைகளைத் தளர்த்தி, இயந்திரத்தால் சாதாரண அளவில் மூச்சு கொடுத்தார்கள். அவற்றின் நுரையீரல்கள் பெரும்பாலும் நலமாக இருந்தன. அந்தச் சோதனையில் நுரையீரலைப் பழுதாக்கியது மூச்செடுக்கும் முயற்சி. காப்பாற்றியது இயந்திரம். 2013-இல் யப்பானிய வைத்தியர் தக்கேஷி யொஷிடா குழு இதன் உட்கூறொன்றைக் காட்டியது. நோயுற்ற நுரையீரலில் வலிந்து மூச்சிழுக்கும்போது, வெளிக்காற்று வந்து சேருமுன்பே நுரையீரலின் ஒரு பகுதியிலிருந்த காற்று இன்னொரு பகுதிக்குப் பாய்கிறது. மொத்த அளவு கூடாமலே ஒரு மூலை அளவுக்கு மீறி விரிகிறது.

இதை வைத்து இயந்திரம் குற்றமற்றது என்று சொன்னால் அது உண்மையாகாது. மூச்சின் அளவைக் கூட்டிவைத்தால் இயந்திரமும் கொல்லும். அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்து நடந்து 2000-இல் வெளியான ஆய்வு அதை ஐயமில்லாமல் காட்டியது. வழக்கமான பெரிய மூச்சு கொடுக்கப்பட்டவர்களில் 39.8 வீதத்தினர் இறந்தார்கள். அதில் பாதியளவு சிறு மூச்சு கொடுக்கப்பட்டவர்களில் 31 வீதத்தினர். உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதன் பிறகு படிப்படியாகச் சிறு மூச்சுக்கு மாறின. அதே ஆய்வில் பலர் கவனிக்காமல் கடந்துபோன ஓர் எண்ணும் இருக்கிறது. காற்றுக் கசிவு வந்தவர்களின் வீதம் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றே, பத்தும் பதினொன்றும். மூச்சைச் சிறிதாக்கியது உயிர்களைக் காத்தது, கசிவைக் குறைக்கவில்லை. கசிவுக்கு வேர் பெரும்பாலும் நோயின் தன்மையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அந்தப் பிள்ளைகளிடம் நான் இப்படித்தான் சொல்வேன். உங்கள் அப்பாவுக்கு மெஷின் வேண்டும் என்று வைத்தியர் கேட்ட நேரத்தில் அவருடைய சிற்றறைகளின் ஒட்டுப்பக்கங்கள் ஏற்கெனவே நைந்திருந்தன. வேண்டாமென்றிருந்தால் அவர் தன் முழுப் பலத்தோடும் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்திருப்பார். அந்த இழுப்புக்கும் கிழிக்கத் தெரியும். பிரித்தானியாவில் 53 வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட 58,484 கொவிட் நோயாளிகளைத் திரட்டிப் பார்த்தபோது நெஞ்சிடைவெளிக் காற்று 377 பேரில், அதாவது ஆயிரத்தில் ஆறேழு பேரில் காணப்பட்டது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானோர் நான்கு மாதத்துக்குள் இறந்தார்கள். கசிந்த காற்றே நேரடியாகக் கொல்வது அரிது. நுரையீரல் எவ்வளவு தூரம் சிதைந்துவிட்டது என்பதன் அடையாளமாக அது பெரும்பாலும் வருகிறது.

அடையாளம் முன்கூட்டியே தெரியுமா? தெரியும் என்கிறது மிலானின் சான் ரஃபாயேலே வைத்தியசாலை ஆய்வு. கசிவு வெளியே தெரிவதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்பாகவே, சீ.டி. ஸ்கானில் இரத்தக் குழாய்களை ஒட்டி மெல்லிய காற்றுக் கோடுகள் தெரிந்தன. மக்லின் பூனை நுரையீரலைச் சீவிப் பார்த்ததை இன்று உயிரோடிருக்கும் மனிதரில் சீவாமலே பார்க்க முடிகிறது. எளிதான காரியம் என்று சொல்லமாட்டேன். ஒட்சிசனைக் கழற்றினால் தாங்காத நோயாளியைக் கட்டிலோடு ஸ்கான் அறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது எந்த நாட்டு வைத்தியசாலையிலும் ஆபத்தான பயணம். ஆனாலும் முன்பே தெரிந்தால் அழுத்தத்தைக் குறைக்கலாம், இருமலை அடக்கலாம், மூச்சிழுப்பின் வேகத்தை மருந்தால் தணிக்கலாம். குப்புறப் படுக்கவைப்பதும் உதவும். முதுகுப்பக்கத்துச் சிற்றறைகள் திறக்க, விசை பரவலாகப் பகிரப்படுகிறது. பிரான்ஸில் குளோட் கேரன் தலைமையில் 2013-இல் முடிந்த ஆய்வில், இயந்திரத்தில் இருந்த கடும் நோயாளிகளை நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைத்தபோது 28 நாள் மரணவீதம் 32.8-இலிருந்து 16-ஆக இறங்கியது. கொவிட் வார்ட்டுகளில் விழித்திருப்பவர்களையே குப்புறப் படுக்கச் சொன்னதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது.

காற்று வெளியேறிய பிறகு என்ன செய்வார்கள்? நெஞ்சிடைவெளியிலும் கழுத்திலும் மட்டுமென்றால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். கழுத்துக்கு வழியிருப்பதே ஒரு பாதுகாப்பு. அந்த வழி இல்லாவிட்டால் காற்று நெஞ்சிடைவெளியில் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் நாளங்களை நெருக்கும். மக்லின் தம்பதியர் மிகவும் அஞ்சியது அந்த நிலைமையைத்தான். நெஞ்சிடைவெளியின் சவ்வு கிழிந்து, நுரையீரலைச் சுற்றிய வெளிக்குள் காற்று பாய்ந்தால் நியூமோதொராக்ஸ் ஆகிவிடும், நுரையீரல் சுருங்கும். அப்போது விலாவினூடே குழாய் செலுத்தி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் அமிழ்த்தி வைப்பார்கள். காற்று குமிழியாக வெளியேறும், திரும்ப உள்ளே வராது. சிக்கியிருக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். நோயாளி செறிவான ஒட்சிசனைச் சுவாசித்தால் இரத்தத்தில் நைதரசன் குறைகிறது. சிக்கிய நைதரசன் இரத்தத்துக்குள் வேகமாகக் கரைந்து போகிறது. ஒட்சிசன் முகமூடி மூச்சுக்கும் உதவுகிறது, வீக்கத்தையும் வற்றவைக்கிறது.

கடும் வைரஸ் நியூமோனியாவில் வேறு சிக்கல்களும் உண்டு. நுரையீரலுக்குள் காற்றுப்பைகள் உருவாவது, இரத்தக் கட்டிகள் அடைப்பது, ஸ்டீரொயிட் மருந்தால் அடங்கிய எதிர்ப்புச் சக்தியைப் பயன்படுத்திப் பூஞ்சை வளர்வது. 2021-இல் இந்தியாவை உலுக்கிய கரும்பூஞ்சையும் அந்த வரிசையில் சேரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை வேண்டும்.

பிழைத்தவர்களுக்கு ஒரு விடயம் மிச்சமிருக்கிறது. வீக்கம் வற்றி, வீட்டுக்கு வந்து, பிள்ளைகளிடம் லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போக நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய. விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல்மட்டத்தைப் போல இருக்காது; 2,400 மீற்றர் மலையுச்சி அளவுக்கு, நுவரெலியாவைவிடவும் மேலே, இறங்கிவிடலாம். உடம்புக்குள் மூடுண்டிருக்கும் காற்று அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருக்கும். நெஞ்சில் சிறிதளவு காற்று தங்கியிருந்தாலும் அது நடுவானில் ஆபத்தாகலாம். ஆகவே எக்ஸ்-ரேயில் காற்று முற்றாக நீங்கியதை வைத்தியர் உறுதிசெய்து, அவர் சொல்லும் நாள் கழித்தே சீட்டெடுக்க வேண்டும். கல்கிசைக் கடலில் மூழ்கிப் பழைய கப்பற் சிதைவுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு விதி இன்னும் கடுமை. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கிருந்து மேலே வரும்போது நுரையீரலில் எங்கேனும் ஒரு மூலையில் காற்று சிக்கினால் அது இரண்டு மடங்காகப் பருக்கும். மூச்சை அடக்கியபடி மேலெழும் நல்ல சுகமான மூழ்கிக்குக்கூட மக்லின் காட்டிய அதே பாதையில் கழுத்துக்குக் காற்று ஏறுவதுண்டு. ஒருமுறை நுரையீரல் கசிந்தவர் மூழ்கலாமா என்பதை மூழ்குநர் மருத்துவம் அறிந்த வைத்தியரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். நியூமோதொராக்ஸ் வந்தவர்களுக்கு அவர்கள் பொதுவாக வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.